காண்போரும் காணப்படுவோரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாந் தர வகுப்பொன்றிற் கண்ணப்ப நாயனார் புராணத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பாடம் முடிந்ததும், திண்ணனார் காளத்தி மலைக்குப் போகுங் காட்சியைப் படமாக வரைந்து வருமாறு மாணவர்க்குச் சொன்னோம். மறுநாள் வந்த படங்களுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. திண்ணனாரின் தலையைச் சுற்றி நீண்ட கழுகிறகுகள் வரிசையாக நின்றன, கன்னங்களில் வண்ணக் கோடுகள், இடையில் தோலாடை, சில படங்களிற் கையிலே சிறு கோடரியும் இருந்தது. வட அமெரிக்கச் சமவெளிகளின் லக்கோட்டா முதலிய மக்கள் தம்முட் சிறந்தோர்க்கு மதிப்பளித்துச் சூட்டும் இறகு முடி, பொத்தப்பி நாட்டு உடுப்பூர் வேடனின் தலையில் ஏறியிருந்தது. அது எவ்வழியாக வந்ததென்று நாம் எவரையுங் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே வயதில் அதே சித்திரக்கதைப் புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து வளர்ந்தவர்களே நாமும்.

ஒரு படம் மாத்திரம் வேறாக இருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிய முதியவரொருவர் தோளில் வீச்சு வலையுடன் வாவிக் கரையில் நின்றார். "இது ஆர் பிள்ளை?" என்று கேட்டோம். "திண்ணனார், சேர். எங்கட அப்பப்பாவைப் பார்த்துக் கீறினனான்" என்றாள் அப்பிள்ளை. வகுப்புச் சிரித்தது. கிழக்குக் கரையோரத்திலே தமிழ் பேசி வாழும் வேடர் குடும்பமொன்றைச் சேர்ந்தவள் அவள் என்பது எமக்குத் தெரியும். தெரிந்திருந்தும், "வில்லு எங்க? வேடன் மாதிரி இல்லையே. திருத்திக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டோம். அடுத்த நாள் அவளும் கழுகிறகு வைத்த படமொன்றைக் கொண்டுவந்தாள். அதற்கு நல்ல புள்ளி போட்டோம்.

அன்று நாம் செய்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள நெடுநாட் சென்றது. ஒரு மக்கட் கூட்டத்தைப் பிறர் படமாக வரையும்போது நேரும் அநீதி எதில் இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பாமல் அதனை விளங்கிக்கொள்ளவும் முடியாது. படம் அவலட்சணமாக இருப்பதிலும் இழிவு செய்வதிலுமே அநீதி இருக்கிறது என்பது பொதுவான விடை. அவ்விடை சரியாயின் பரிகாரம் இலகுவானது. இழிவை நீக்கிவிட்டு அழகாகவும் அன்பாகவும் வரைந்தாற் போதும். சித்திரக்கதைகளின் வரலாறு இவ்விடையை ஏற்கவில்லை என்பதே எமது கருத்து.

பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே படைத்த டின்டின் என்னும் இளம் பத்திரிகையாளனின் கதைகளை எடுத்துக்கொள்வோம். 1930 ஆம் ஆண்டிலே பிரசெல்சுக் கத்தோலிக்கப் பத்திரிகையொன்றின் சிறுவர் பகுதியில் வெளியாகத் தொடங்கிய கொங்கோக் கதையிலே டின்டின் ஆபிரிக்கச் சிறுவர்க்கு ஆசிரியனாகிறான். அவர்களுடைய தாய்நாடு பெல்ஜியம் என்று பாடம் நடத்துகிறான். குடியேற்றவாதத்தின் உள்ளக்கிடக்கை இதைவிட வெளிப்படையாக வருவது அரிது. 1946 இல் நூலை வண்ணத்தில் மீள வரைந்தபோது ஹெர்ஜே இப்பாடத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஒரு கூட்டற் கணக்கை வைத்தார். கரும்பலகையில் எழுதியிருந்தது மாறியது. கரும்பலகைக்கு முன் யார் நிற்பது, வாங்கிலே யார் இருப்பது என்பது மாறவில்லை. ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு இந்த வேறுபாடு நன்றாகவே விளங்குகிறது.

இக்கேள்வியை இன்னுங் கூர்மையாக எழுப்புவது 1931-32 இல் வெளிவந்த அமெரிக்கக் கதையாகும். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள்மீது இளமை தொட்டு ஈடுபாடு கொண்டிருந்தவர் ஹெர்ஜே. அக்கதையை அவர் விரும்பியே வரைந்தார். அதில் வரும் ஒரு பக்கத்தை முற்போக்காளர் எவரும் மெச்சுவர். பிளாக்பூட் மக்களின் நிலத்திலே டின்டின் தற்செயலாக எண்ணெய் ஊற்றைக் காண்கிறான். எங்கிருந்தோ வணிகர் ஓடிவந்து ஆயிரம் ஆயிரமாக விலை கூறுகின்றனர். இந்த நிலம் பிளாக்பூட் மக்களுடையது என்கிறான் அவன். உடனே வணிகர் அம்மக்களின் தலைவரிடம் திரும்பி 25 டொலரை நீட்டி, மூட்டை கட்டுவதற்கு அரை மணி நேரங் கொடுக்கின்றனர். அடுத்த கட்டத்திலே துப்பாக்கி முனையில் ஈட்டி பூட்டிய படையினர் அம்மக்களைத் துரத்துகின்றனர். மறுநாட் காலையில் அவ்விடத்தில் ஒரு நகரமே எழுந்து நிற்கிறது. வெள்ளையனுக்கு ஒரு விலை, மண்ணின் மைந்தனுக்கு ஒரு விலை. பேரம் படியாத இடத்திற் படை. முதலாளித்துவம் நிலத்தைப் பறிக்கும் முறையைச் சில கட்டங்களிலே ஒரு சிறுவனுக்கும் விளங்கும்படி வரைந்துவிட்டார் ஹெர்ஜே.

ஆயின் அப்பக்கத்துக்கு முன்னும் பின்னும் இருப்பவற்றையும் பார்க்க வேண்டும். அதே மக்கள் சில பக்கங்களுக்கு முன்புதான் ஒரு கொள்ளைக்காரனின் பொய்யை நம்பி டின்டினைக் கம்பத்திற் கட்டுகின்றனர். போரின் அடையாளமாகிய கோடரியைத் தோண்டி எடுக்கப் போய், அதைப் புதைத்த இடத்தை மறந்து தடுமாறுகின்றனர். வாசகர் சிரிக்கின்றனர். துரத்தப்பட்ட பின்னரோ அவர்கள் எங்கே போனார்கள் என்பதைக் கதை தேடவில்லை. டின்டின் கொள்ளைக்காரனைத் தொடர்ந்து போகிறான், கதையும் அவன் பின்னாற் போகிறது. அம்மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை ஹெர்ஜே கண்டார். அதைக் கண்டு கோபமுங் கொண்டார். அக்கொடுமையைத் தாமே கண்டு, தாமே எண்ணி, தாமே பேசக் கூடியவர்களாக அம்மக்களை அவர் காணவில்லை. அவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்துத் திகைத்து நிற்பவன் டின்டின். நாமும் அவன் கண் வழியாகவே பார்க்கிறோம்.

இவ்விடத்தில் எமது கருத்தைச் சுருங்கக் கூறலாம். மனிதனாக இருத்தல் என்பது உலகத்தைக் காண்பவனாக இருத்தலும் ஆகும். ஒரு கதையிலே சிலர் எப்போதுங் காண்போராகவும் சிலர் எப்போதுங் காணப்படுவோராகவும் இருப்பின், பின்னவரை எத்துணை அழகாக வரைந்தாலும் அவர்களுடைய மனிதத் தன்மையில் ஒரு பாதி பறிக்கப்பட்டே இருக்கும். இழிவுபடுத்தும் படம் இப்பறிப்பை வெளிப்படையாகச் செய்கிறது. அன்பான படமோ அதை மறைவாகச் செய்துவிடக் கூடும்.

அன்பான படத்துக்கு உதாரணந் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழில் மாயாவி என்றும் வேதாளன் என்றும் பெயர் பெற்ற முகமூடி வீரனை எமது தலைமுறையில் அறியாதார் இலர். அமெரிக்கரான லீ பாக் 1936 இல் இவனைப் படைத்தார். 1536 இல் கடற்கொள்ளையராற் கரையொதுக்கப்பட்ட வெள்ளையன் ஒருவன் தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மீது சத்தியஞ் செய்கிறான். அவன் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அதே முகமூடியை அணிந்து காட்டைக் காக்கின்றனர். காட்டு மக்களோ இவன் ஒருவனே நானூறு ஆண்டாகச் சாவின்றி வாழ்கிறான் என்று நம்புகின்றனர். பண்டார் என்னுங் குள்ள மனிதர் மாத்திரம் உண்மை அறிவர். அறிந்தும் அதை வெளியிடாது, நச்சு அம்புகளுடன் அவனுடைய மண்டையோட்டுக் குகைக்குக் காவல் நிற்கின்றனர். அவர்களின் தலைவன் குரான் முகமூடி வீரனின் உற்ற தோழன், நல்லவன், அறிவுடையவன். இழிவென்று சுட்டிக்காட்ட அவனிடத்தில் அதிகம் இல்லை. ஆயினும் இருபது தலைமுறையாக அந்தக் காட்டிலே நீதி வழங்க அந்தக் காட்டில் ஒருவர்கூடப் பிறக்கவில்லை என்பதே இக்கதையின் அத்திவாரம். தொடக்கத்தில் ஆசியாவில் இருந்த அந்த நாடு பின்னர் ஆபிரிக்காவுக்குப் பெயர்ந்தது. கண்டம் மாறியும் காட்டு மக்கள் மாறவில்லை. அவர்கள் எந்த மண்ணுக்கும் உரியவராக எண்ணப்படவில்லை. ஆகவே எந்த மண்ணிலும் அவர்களை இலகுவாகக் கொண்டுபோய் வைக்க முடிந்தது.

இத்தாலியில் 1948 இல் தோன்றி, சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகரின் பேரபிமானத்தைப் பெற்ற டெக்ஸ் வில்லர் இதைவிட மேலானவன். நவஹோ மக்களின் பெண்ணை மணந்தவன். அவர்களுக்காக ஊழல் அதிகாரிகளையும் ஆயுத வணிகரையும் எதிர்த்துப் போராடுபவன். 'இரவுக் கழுகு' என்று அவர்களாற் போற்றப்படுபவன். அவனுடைய நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் நவஹோ மக்களின் தலைவன் அவனே. அரசின் சார்பில் அவர்களுக்குப் பொறுப்பான அதிகாரியும் அவனே. அவர்களுக்கு நல்லதொரு தலைவன் வாய்த்துவிட்டான். அதற்குக் கொடுத்த விலையாகத் தலைமை என்பதே அவர்களிடமிருந்து போய்விட்டது. ஆள்பவன் நல்லவன் என்ற சமாதானம் ஏகாதிபத்தியத்தின் கீழ் வாழ்ந்த எமது நாட்டுக்கும் புதியதன்று.

வாசகரை வெறும் ஏமாளியாகக் கருதுவதும் தவறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பப்புவா நியூகினியின் மலைநாட்டு வாகிப் பள்ளத்தாக்கிலே 1980களிற் குலச் சண்டைகள் மீண்டும் மூண்டபோது, அங்குள்ளோர் தம் போர்க் கேடயங்களில் முகமூடி வீரனின் உருவத்தைத் தீட்டினர். சாவில்லாதவன் என்ற பெயர் கேடயத்துக்குப் பொருத்தமானதன்றோ? அவர்கள் அக்கதையின் காட்டு மக்களாகத் தம்மைக் காணவில்லை. கதையைத் தாமே பார்த்தனர். வேண்டியதை எடுத்துத் தம் காரியத்துக்குப் பயன்படுத்தினர். காண்போராக இருக்கும் ஆற்றலை எந்தப் படமும் முற்றாகப் பறித்துவிட முடியாது என்பதற்கு இது சான்று. ஆயினும் கேடயத்தில் எழுதியதை அச்சிட்டு உலகெங்கும் அனுப்பும் வசதி அவர்களிடம் இருக்கவில்லை. தூரிகை எல்லோரிடமும் இருக்கலாம். அச்சியந்திரம் சிலரிடமே இருக்கிறது.

அச்சுக்குப் போகும் தூரிகை கைமாறும்போது நடப்பதென்ன? மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம் 2002 இல் லண்டன் உணவகமொன்றின் சுவர்களில் ஓவியந் தீட்டுவதற்காக அங்கே இரு மாதங்கள் தங்கினார். அவர் கண்டவற்றைச் சென்னைத் தாரா பதிப்பகம் 2004 இல் நூலாக்கியது. இரட்ஜாட் கிப்ளிங் எழுதிய காட்டுக் கதைகளின் பெயரைத் திருப்பிப் போட்டு, 'லண்டன் காட்டுப் புத்தகம்' என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டனர். அதிலே நிலத்தடிப் புகையிரதம் மண்புழுவாகிறது. பெரிய மணிக்கூட்டுக் கோபுரம் பொழுது சொல்லுஞ் சேவலுடன் ஒன்றாகிறது. வழிதவறாது கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்து நன்றியுள்ள நாயாகிறது. இரவானதும் மதுச்சாலைகளிற் கூடும் ஆங்கிலேயர் வௌவால்களாகின்றனர். இதிற் பகையும் இல்லை, பணிவும் இல்லை. நூறு ஆண்டுக்கு மேலாகப் பார்க்கப்பட்டு, அளக்கப்பட்டு, படம்பிடிக்கப்பட்ட மக்களில் ஒருவர், பார்த்தவர்களின் தலைநகருக்குச் சென்று அவர்களை நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

2011 இல் நவயானா பதிப்பகம் வெளியிட்ட 'பீமாயணா' இதனிலும் ஒரு படி மேலே செல்கிறது. அம்பேத்கரின் வாழ்விற் பட்ட தீண்டாமைக் கொடுமைகளைச் சொல்லும் இச்சித்திர நூலை வரைந்தோர் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும். சித்திரக்கதைக்கு இன்றியமையாதவை என்று நாம் எண்ணும் சதுரக் கட்டங்களை அவர்கள் ஏற்கவில்லை. மனிதரைப் பெட்டிகளுக்குள் அடைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தம் வீட்டுச் சுவர்களிலும் தரைகளிலும் இடும் 'திக்னா' என்னுங் கோலமே பக்கத்தைப் பகுக்கிறது. புகையிரதம் பாம்பாக நெளிகிறது. இன்சொல் பறவை வடிவக் குமிழிலும், பிறரைப் புண்படுத்தும் வன்சொல் தேளின் கொடுக்குடைய குமிழிலும் வருகின்றன. சாதியின் நஞ்சு எச்சொல்லில் இருக்கிறது என்பதை எழுத்தறியாத பிள்ளையும் கண்டுகொள்ளும். பழங்குடி ஓவியர் தம் குலக்கதையையே வரைய வேண்டும் என்று எதிர்பார்ப்போருக்கு இந்நூல் ஒரு மறுமொழியாகும். தம்மைத் தாமே காட்டும் உரிமை அவர்களுக்குண்டு. பிறருடைய துயரைத் தம் கண்ணாற் கண்டு சொல்லும் உரிமையும் உண்டு.

பசிபிக் கரையின் ஹைடா மக்களைச் சேர்ந்த மைக்கேல் நிக்கல் யாகுலானாஸ் 2009 இல் வெளியிட்ட 'சிவப்பு' என்ற நூலும் கட்டங்களைக் கைவிட்டது. ஹைடா மரபோவியத்தின் தடித்து வளையுங் கோடுகளே அங்கு கட்டங்களைப் பிரிக்கின்றன. எல்லாப் பக்கங்களையும் அடுத்தடுத்து ஒட்டினால் அக்கோடுகள் ஒன்றிணைந்து ஒரே பேரோவியமாகின்றன. பழிவாங்கும் வெறியாற் தன் மக்களையே அழிவுக்கு இட்டுச் செல்லும் தலைவனொருவனின் கதை அது. தலைவனும் அவர்களில் ஒருவன், தவறு செய்பவனும் அவர்களில் ஒருவன், அத்தவறை ஆராய்பவரும் அவர்களில் ஒருவர். முகமூடி வீரனின் காட்டிலே குரானுக்குக் கிடைக்காதது இதுவே. தன் தவறுக்குத் தானே பொறுப்பாளியாகும் பெருமை அவனுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். அவற்றைப் புறக்கணித்தல் முறையன்று.

முதலாவது: அப்படியாயின் ஒருவர் தம் இனத்தைத் தவிர வேறெவரையும் வரையலாகாதோ? இக்கொள்கையை நாம் ஏற்கவில்லை. ஏற்பின் 'பீமாயணா'வும் தவறென்றாகும். உலகத் தொழிலாளர் ஒருவரையொருவர் அறிவதும் இயலாதென்றாகும். மால்டாவிற் பிறந்த ஜோ சாக்கோ 2020 இல் வெளியிட்ட நூல், கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் வாழும் டெனே மக்களைப் பற்றியது. நிலத்தினின்று எடுப்பதற்கு நிலத்துக்கே காணிக்கை செலுத்தும் அம்மக்களின் வழக்கமே அந்நூலின் தலைப்பாகியது. சாக்கோ தம்மையும் படத்தில் வரைகிறார்: மூக்குக் கண்ணாடியும் குறிப்புப் புத்தகமுமாகக் கேட்டுக்கொண்டிருப்பவராக, பல சமயம் விளங்காமல் விழிப்பவராக. பேசுவோர் டெனே மக்களே. எண்ணெய் அகழ்வை எதிர்ப்போரும் பேசுகின்றனர். வேலை வேண்டுமென்று அதை ஆதரிப்போரும் பேசுகின்றனர். ஒரு மக்கள் தம்முள் வாதிட்டு முரண்படுவதை வரைந்து காட்டுதல், அவர்கள் சிந்திப்பவர்கள் என்பதற்குச் சாட்சியம் கூறுதலாகும். பிறரை வரைபவர் தாம் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை மறைக்காதிருக்க வேண்டும். பார்க்கப்படுவோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதை மறவாதிருக்க வேண்டும். இவ்விரண்டுமே நாம் கேட்பவை.

இரண்டாவது ஆட்சேபம் எமது தோழர்களிடமிருந்தே வருவது: நிலம் பறிபோகும்போது படத்தைப் பற்றி வாதிட்டுக் கொண்டிருப்பதா? ஹெர்ஜேயின் நூலையே மீண்டும் நினைவுகூர்வோம். கோடரியைப் புதைத்த இடமறியாத மூடர் என்று முதலில் வரையப்பட்டவர்களுக்கே பின்னர் 25 டொலர் நீட்டப்படுகிறது. கனடாவிலே ஏறத்தாழ 150,000 பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டனர் என்பதை அந்நாட்டு உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015 இல் முடித்த தன் அறிக்கையிற் பதிந்துள்ளது. தாய்மொழியைப் பேசிய பிள்ளைகள் அங்கே தண்டிக்கப்பட்டனர். அப்பாடசாலைகளை நடத்தியோரிற் பலர் தம்மை நல்லவர்களென்றே நம்பினர். அறிவற்றோர் என்ற படம் மனத்தில் முன்னரே எழுதப்பட்டிருந்தமையால், பிள்ளையைப் பறித்தலும் அவர்களுக்குத் தருமமாகத் தோன்றிற்று. படம் நிலத்தைப் பறிப்பதில்லை. பறிப்பவனின் மனச்சாட்சியை உறங்க வைக்கிறது. பாடசாலை என்ற சொல் அவ்வரலாற்றில் இடம்பெற்றிருப்பதை ஆசிரியராகிய நாம் இலகுவிற் கடந்துபோக முடியாது.

இனி எமது வகுப்பறைக்குத் திரும்புவோம். அந்தப் பிள்ளை தன்னையோ தன் குடும்பத்தையோ காட்சிப்பொருளாக வரைந்து வரவில்லை. பெரியபுராணக் கதையொன்றைக் கேட்டாள். திண்ணனார் யாரைப் போல இருந்திருப்பார் என்று எண்ணினாள். தான் அறிந்த உழைப்பாளி ஒருவரிடத்தில் அவரைக் கண்டாள். இலக்கியத்தைப் படிப்பிப்பதன் பயன் இதுவே என்று மேடைதோறும் பேசுபவர்கள் நாம். அது எமது கண்ணெதிரே நிகழ்ந்தபோது, சித்திரக்கதைகளில் நாம் கண்டிருந்த வேடனைக் கொண்டு அவள் கண்ட வேடனைத் திருத்தினோம். வகுப்பின் சிரிப்பைவிட நாம் போட்ட நல்ல புள்ளியே அவளுக்கு அதிகங் கற்பித்திருக்கும்: உன் கண்ணாற் பார்க்காதே, எங்கள் கண்ணாற் பார், புள்ளி கிடைக்கும் என்று. கண்ணைப் பெயர்த்துக் கொடுத்த ஒருவரின் கதையைப் படிப்பித்த பாடத்திலே இது நடந்தது.

அவள் இப்போது எமது பாடசாலையில் இல்லை. அந்த முதற்படமும் எம்மிடம் இல்லை. திருத்தி வருமாறு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதே பாடத்தை ஆண்டுதோறும் படிப்பிக்கிறோம். இப்போதும் இறகு முடி சூடிய திண்ணனார்கள் வருகிறார்கள். அவற்றைக் கிழித்தெறிவதால் ஆவது ஒன்றுமில்லை. இந்த இறகை எங்கே கண்டாய், அங்கே இதை யார் யாருக்குச் சூட்டுவார்கள், இப்படத்தை முதலில் வரைந்தவர் யார், அவர் எங்கே நின்று பார்த்தார் என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். வேறாக ஒரு படம் வரும்போது, அதிற் சரி பிழை பார்க்குமுன், வரைந்த பிள்ளை கண்டது என்ன என்பதை வகுப்புக்குச் சொல்லச் சொல்கிறோம். அவ்வேளையில் சிவப்புப் பேனை மேசைமேல் இருக்கிறது.